லவுஞ்சுக்காக ஒரு கிரெடிட் கார்டு வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு மேலாளராக இருக்கிறேன். வேலை நிமித்தமாக ஆண்டுக்கு மூன்று முறையாவது சென்னை வழியாக டெல்லிக்கோ மும்பைக்கோ விமானத்தில் போய் வருகிறேன். வரும் மே மாதம் மனைவி, 72 வயதான அம்மா, 9 வயது மகன் ஆகியோருடன் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகவிருக்கிறோம். மதுரையிலிருந்து சென்னை வந்து, ஐந்து மணி நேரம் காத்திருந்து, அடுத்த விமானம் ஏற வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரு வங்கியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, ஆண்டுக்கு 5,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினால் உள்நாட்டில் 8 முறையும் வெளிநாட்டில் 4 முறையும் விமான நிலைய லவுஞ்ச் (உணவுடன் கூடிய ஓய்வறை) இலவசம் என்கிறார்கள். ஏற்கெனவே கட்டணம் இல்லாத ஒரு கார்டு வைத்திருக்கிறேன். அதிலும் லவுஞ்ச் உண்டு என்று நம்பிப் போனபோது, சென்னையில் வரவேற்பு மேசையிலேயே மறுத்துவிட்டார்கள். உடன் வந்த மேலதிகாரி முன்னால் சங்கடமாகிவிட்டது. மாதம் சுமார் 32,000 ரூபாய் கார்டில் செலவாகிறது. அதில் வீட்டு வாடகை 12,000, பெட்ரோல் 4,000, மின்சாரமும் தொலைபேசியும் 3,000. புதிய கார்டை வாங்கலாமா? மறுத்த வங்கியின் மீது முறையிட முடியுமா?

பதில்: வணக்கம். மாதச் செலவைப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உங்களுக்குப் பொதுப்படையாகத்தான் பதில் சொல்லியிருக்க முடியும். அந்தக் கணக்கை வைத்துப் பார்க்கும்போது, லவுஞ்சை மட்டும் மனத்தில் வைத்து இந்தக் கார்டை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சிங்கப்பூர்ப் பயணத்துக்கு ஒரு கார்டு தேவைப்படலாம். ஆனால் அதை வேறொரு காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் காரணத்துக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில், சென்னையில் உங்களுக்கு நேர்ந்தது ஏன் என்று பார்ப்போம். லவுஞ்சுக்குள் நீங்கள் நுழையும் ஒவ்வொரு முறையும் உங்கள் வங்கியோ, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு வலையமைப்போ அந்த லவுஞ்சை நடத்துபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது; இடையில் இரு தரப்பையும் இணைக்கும் ஒரு நிறுவனமும் இருக்கும். உங்களுக்கு இலவசமாகத் தெரிவது வங்கியின் கணக்கில் செலவு. குறைவான பேரிடம் மட்டும் கிரெடிட் கார்டு இருந்த காலத்தில் அந்தச் செலவு வங்கிகளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. கட்டணமே இல்லாத கார்டுகளிலும் லவுஞ்ச் சலுகை ஒட்டப்பட்டிருந்ததால், காலை நேரங்களில் லவுஞ்ச் வாசலில் வரிசை நிற்கத் தொடங்கியது. வங்கிகள் சலுகையை முழுவதுமாக எடுத்துவிடாமல், அதற்கு முன்னால் ஒரு நிபந்தனையை வைத்தன. முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் இந்தக் காலாண்டில் நுழைவு என்பதே அந்த நிபந்தனை.

இது எவ்வளவு வேகமாக இறுகியது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். எச்.டி.எஃப்.சி. வங்கி தன் ரெகாலியா கார்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் காலாண்டுக்கு 1 லட்சம் ரூபாய் செலவு என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. யெஸ் வங்கி 2024 ஏப்ரலில் 10,000 ரூபாய் என்று வைத்தது. ஆக்சிஸ் வங்கி 2024 மே முதல் பல கார்டுகளுக்கு முந்தைய மூன்று மாதங்களில் 50,000 ரூபாய் என்றது. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2024 ஏப்ரலில் பல கார்டுகளுக்கு 35,000 ரூபாய் என்று தொடங்கி, அதே ஆண்டு நவம்பர் 15 முதல் அதை 75,000 ரூபாயாக உயர்த்தியது. எட்டே மாதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தத் தொகைகள் அதன் பிறகும் மாறிக்கொண்டிருப்பதால், கார்டு வாங்கும் நாளில் வங்கியின் இணையதளத்தில் உள்ள விதிமுறையை மட்டுமே நம்புங்கள். நண்பர் சொன்னதையோ பழைய காணொளியில் பார்த்ததையோ நம்ப வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். இந்திய உள்நாட்டு லவுஞ்சுகளையும் வங்கிகளையும் இணைக்கும் வேலையின் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாக டிரீம்ஃபோக்ஸ் என்ற நிறுவனம் செய்துவந்தது. 2024 செப்டம்பரில் பல விமான நிலையங்களில் அதன் சேவை திடீரென்று தடைப்பட்டு, செல்லுபடியாகும் கார்டு வைத்திருந்தவர்களும் வாசலில் நிற்க நேர்ந்தது. 2025 செப்டம்பர் 16 அன்று அந்த நிறுவனம் உள்நாட்டு லவுஞ்ச் சேவையையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. வங்கிகள் வேறு ஏற்பாடுகளுக்கு மாறிய அந்த இடைக்காலத்தில், எந்தக் கார்டு எந்த லவுஞ்சில் செல்லும் என்ற பட்டியல்கள் அடிக்கடி மாறின. ஆகவே வரவேற்பு மேசையில் உங்களை மறுத்த ஊழியரின் மீது தவறில்லை. உங்கள் மேலதிகாரி முன்னால் ஏற்பட்ட சங்கடத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அதே சங்கடம் அன்றாடம் பலருக்கு நேர்கிறது என்பதையும், அது உங்கள் வரவு செலவைப் பற்றிய தீர்ப்பு அல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

அந்த மேசையில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்; இது தெரிந்தால் அடுத்த முறை தடுமாற்றம் இருக்காது. நீங்கள் கார்டையும் போர்டிங் பாஸையும் நீட்டுகிறீர்கள். ஊழியர் கார்டை இயந்திரத்தில் இட்டு 2 ரூபாய் போன்ற ஒரு சிறு தொகைக்கு அனுமதி கேட்கிறார். அந்தத் தொகை வசூலுக்காகக் கேட்கப்படுவதில்லை. கார்டு உயிரோடு இருக்கிறதா, இந்தக் காலாண்டின் இலவச முறை மிச்சம் இருக்கிறதா என்பதைச் சரிபார்க்கும் வழி அது. திரையில் ஏற்பு என்று வந்தால் உள்ளே போகலாம். மறுப்பு என்று வந்தால் ஏன் என்று அந்த ஊழியருக்கே தெரியாது, ஏனெனில் காரணம் இயந்திரத்தில் வருவதில்லை. இப்போது பல வங்கிகள் கார்டைத் தேய்க்கும் முறையையே விட்டுவிட்டு, செயலியிலோ இணையதளத்திலோ முன்கூட்டியே ஒரு வவுச்சரை அல்லது கியூ.ஆர். குறியீட்டை எடுத்துவரச் சொல்கின்றன. தகுதி இருந்தும் வவுச்சர் எடுக்காமல் போனவர்களுக்கும் மறுப்புதான் கிடைக்கும். எனவே பயணத்துக்கு முந்தைய இரவே வீட்டில் உட்கார்ந்து, செயலியைத் திறந்து, லவுஞ்ச் பகுதியில் எத்தனை முறை மிச்சம் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். விமான நிலையத்தின் இரைச்சலில், ஒ.டி.பி. வராத கைபேசியுடன் அதைச் செய்ய முயல வேண்டாம்.

இனி உங்கள் செலவுக் கணக்கு. மாதம் 32,000 ரூபாய் என்றால் காலாண்டுக்கு 96,000. மேலே சொன்ன நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 32,000-இல் எல்லாமே கணக்கில் சேராது. வாடகை, எரிபொருள், வாலட்டில் பணம் ஏற்றுவது, காப்பீட்டு பிரீமியம், தங்கம் வாங்குவது, மின்கட்டணம் போன்ற சேவைக் கட்டணங்கள், மாதத் தவணையாக மாற்றிய செலவுகள் ஆகியவற்றில் சிலவற்றையோ பலவற்றையோ வங்கிகள் தகுதிச் செலவிலிருந்து விலக்கிவிடுகின்றன. எதை விலக்குகிறது என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். இவை அனைத்தையும் விலக்கும் வங்கி என்று வைத்துக்கொண்டால், உங்கள் 32,000-இல் வாடகை, பெட்ரோல், மின்சாரம், தொலைபேசி ஆகிய 19,000 போக எஞ்சுவது 13,000. காலாண்டுக்கு 39,000. புதிய கார்டின் நிபந்தனை 75,000 என்று இருந்தால் உங்களுக்கு 36,000 ரூபாய் குறைகிறது. கட்டணம் இல்லாத உங்கள் பழைய கார்டு மறுக்கப்பட்டதற்கும் இந்தக் கணக்கே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

குறையும் 36,000-ஐ எப்படியாவது செலவு செய்து நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் இங்கேதான் வருகிறது. நான் மிகவும் கவலைப்படுவதும் இந்த இடத்தில்தான். தேவையில்லாத பொருளை வாங்கி இலக்கை எட்டும் ஒருவர், அந்த மாதம் முழுத் தொகையைக் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கிரெடிட் கார்டு வட்டி பல வங்கிகளில் மாதத்துக்கு 3.5 முதல் 3.75 சதவீதம்; ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம். 75,000 ரூபாய் நிலுவை ஒரு மாதம் நின்றால், 3.75 சதவீத வீதத்தில் வட்டி 2,812 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ஏறக்குறைய 3,319 ரூபாய். நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. லவுஞ்சில் சாப்பிடும் இட்லிக்கும் காபிக்கும் இவ்வளவு விலை தரத் தேவையில்லை. நீங்கள் கணக்குத் துறையில் இருப்பவர்; நிலுவை வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலத்தையும் கவனியுங்கள். மே மாதப் பயணம் ஏப்ரல்–ஜூன் காலாண்டில் வருகிறது. பெரும்பாலான திட்டங்களில் அதற்குத் தகுதி தருவது ஜனவரி முதல் மார்ச் வரை செய்த செலவு. ஏப்ரலில் செய்யும் செலவு மே மாதத்துக்கு உதவாது. அது ஜூலைக்குத்தான் உதவும். மார்ச் 30 அன்று வாங்கிய பொருளின் பரிவர்த்தனை ஏப்ரல் 2-ஆம் தேதி கணக்கில் ஏறினால், சில வங்கிகள் அதை அடுத்த காலாண்டில் சேர்த்துவிடும். திருப்பிக் கொடுத்த பொருளின் தொகையும் கழிக்கப்படும். புதிதாக வாங்கும் கார்டுக்கு முதல் காலாண்டில் மட்டும் நிபந்தனையைத் தளர்த்தும் வங்கிகளும் உண்டு, தளர்த்தாதவையும் உண்டு. தொலைபேசியில் அழைத்தவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: மே மாதம் நான் லவுஞ்சுக்குப் போக, எந்தத் தேதிக்குள், எந்த வகைச் செலவில், எவ்வளவு தொகை செலவு செய்திருக்க வேண்டும்? பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் தரத் தயங்குபவரின் வாய்மொழியை நம்பி 5,900 ரூபாய் கட்ட வேண்டாம். ஆம், 5,000-உடன் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் அதுதான் உண்மையான ஆண்டுக் கட்டணம்.

அடுத்து, "உள்நாட்டில் 8, வெளிநாட்டில் 4" என்று அவர் சொன்னதைப் பிரித்துப் பார்ப்போம். 8 என்றால் ஒரே பயணத்தில் எட்டு பேர் போகலாம் என்று பொருள் அல்ல. பெரும்பாலும் காலாண்டுக்கு 2 என்று வரம்பிட்டிருப்பார்கள். பயன்படுத்தாதது அடுத்த காலாண்டுக்குச் சேராது. அதைவிட முக்கியமானது, அது கார்டின் பெயருக்கு உரியவருக்கு மட்டும். உங்கள் மனைவிக்கு ஆட்-ஆன் கார்டு (உங்கள் கணக்கிலேயே தரப்படும் கூடுதல் கார்டு) எடுத்தால் அவருக்கும் தனியாக இலவச முறை கிடைக்குமா, அல்லது உங்கள் எண்ணிக்கையிலிருந்தே கழியுமா என்பதும் கார்டுக்குக் கார்டு வேறுபடும். அம்மாவும் மகனும் விருந்தினர் கணக்கில் வருவார்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பல லவுஞ்சுகள் இலவசமாக விடுகின்றன. 9 வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு.

வெளிநாட்டு 4 முறை என்பது அநேகமாக பிரையாரிட்டி பாஸ் போன்ற உறுப்பினர் அட்டை வழியாக வரும். இதில் இரண்டு இடங்களில் நம் மக்கள் தொடர்ந்து பணம் இழக்கிறார்கள். ஒன்று, அந்த அட்டை கிரெடிட் கார்டுடன் தானாக வருவதில்லை. பல வங்கிகளில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். சிலவற்றில் கார்டில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பரிவர்த்தனைகள் செய்த பின்புதான் விண்ணப்பிக்கவே முடியும். பயணத்துக்கு முந்தைய வாரம் நினைவு வந்தால் பயனில்லை. இரண்டாவது, பல இந்திய வங்கிகள் தரும் பிரையாரிட்டி பாஸில் இலவச முறைகள் இந்தியாவுக்கு வெளியே மட்டும்தான். அதை இந்தியாவிலேயே நீட்டினால் உள்ளே விடுவார்கள். யாரும் பணம் கேட்க மாட்டார்கள். பில் பிறகு, கிரெடிட் கார்டு அறிக்கையில், டாலர் கணக்கில் வரும். விருந்தினருக்கும் இப்படித்தான், ஒருவருக்கு ஒரு முறைக்கு 27 முதல் 35 டாலர் என்ற அளவில் வசூலிக்கப்படுவது வழக்கம், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேரும். நீங்கள் மனைவி, அம்மா, மகன் மூவரையும் அப்படி அழைத்துப் போனால் ஒரே நுழைவுக்கு ஏறக்குறைய 100 டாலர் ஆகிவிடும். அந்தப் பணத்தில் சாங்கி விமான நிலையத்தில் நால்வரும் நல்ல உணவகத்தில் வயிறார உண்டுவிட்டு மீதியும் வைத்திருக்கலாம்.

உங்கள் பயணத்தின் ஐந்து மணி நேரக் காத்திருப்பையும் நேரக் கணக்கில் வைத்துப் பார்த்தேன், ஏனெனில் லவுஞ்ச் வேண்டும் என்ற எண்ணத்துக்கு மூலகாரணம் அதுதான். மதுரையிலிருந்து வரும் விமானம் சென்னையில் உள்நாட்டு முனையத்தில் இறங்கும். இரு விமானங்களுக்கும் தனித்தனி டிக்கெட் என்றால், இறங்கியவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். உள்நாட்டு லவுஞ்ச் புறப்படும் பயணிகளின் பகுதியில், பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் இருப்பதால், வந்திறங்கிய உங்களால் அங்கே போக முடியாது. பன்னாட்டு விமானங்கள் டெர்மினல் 2-இலிருந்து புறப்படுகின்றன. அங்கே செக்-இன் கவுன்ட்டர்கள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்புதான் திறக்கும். அதாவது ஐந்தில் முதல் இரண்டு மணி நேரம், எந்தக் கார்டு கையில் இருந்தாலும், நீங்கள் வெளியில்தான் இருப்பீர்கள். பிறகு செக்-இன், குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நாளில் இன்னும் கூடும். விமானத்தில் ஏறத் தொடங்குவது புறப்பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு. மிஞ்சுவது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். லவுஞ்ச் சலுகை உங்கள் அம்மாவுக்குத் தருவது அந்த நேரம் மட்டுமே. அதுவும் உங்கள் கார்டின் உள்நாட்டுச் சலுகை பன்னாட்டு முனையத்திலும் செல்லுபடியானால்தான். சில கார்டுகளில் "உள்நாடு" என்பது இந்தியாவுக்குள் இருக்கும் இரு வகை முனையங்களையும் குறிக்கும். பல கார்டுகளில் உள்நாட்டு முனையத்தை மட்டுமே குறிக்கும்.

அம்மாவின் முழங்கால் வலிக்கு லவுஞ்சை விடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. நடக்கச் சிரமப்படும் பயணிக்கு விமான நிறுவனம் சக்கர நாற்காலியும் உடன் ஓர் உதவியாளரும் தர வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. இரண்டு விமானங்களுக்கும், புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே, டிக்கெட் பதிவிலேயே கேட்டு வையுங்கள். உதவியாளருடன் வருபவர்களுக்கு வரிசைகளில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறைகிறது, அம்மாவுடன் துணைக்குப் போகும் ஒருவருக்கும் அந்த வசதி கிடைக்கும். முதல் இரண்டு மணி நேரத்துக்கு, முனையங்களை ஒட்டிய ஏரோஹப் வளாகத்தில் குளிர்சாதன வசதியுடன் உட்கார்ந்து சாப்பிட இடங்கள் இருக்கின்றன. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், இரு பயணங்களையும் ஒரே பதிவில் எடுக்கப் பாருங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தில் அனுப்பும் பொறுப்பு அப்போது நிறுவனத்தைச் சேரும். காத்திருக்கும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், கார்டுக்குக் கொடுக்க நினைத்த 5,900 ரூபாயை, வசதியான நேரத்தில் இருக்கும் விமானத்துக்கும், அம்மாவுக்குக் காலை நீட்ட இடமுள்ள இருக்கைக்கும் கூடுதலாகக் கொடுப்பேன்.

திரும்பும் வழியில் சாங்கியில் லவுஞ்ச் கிடைக்காதே என்று வருந்த வேண்டாம். அங்கே டெர்மினல் 1, 2, 3 ஆகியவை பயணிகள் பகுதிக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. மூன்றாவது முனையத்தில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் கட்டணமில்லாத திரையரங்கும் உண்டு. உங்கள் மகன் லவுஞ்ச் சோபாவை விட அந்தப் பூங்காவைத்தான் விரும்புவான் என்று எண்ணுகிறேன்.

வேறொரு காரணம் என்று தொடக்கத்தில் சொன்னது அந்நியச் செலாவணிக் கட்டணம். சிங்கப்பூரில் கார்டில் செலவு செய்யும்போது, பெரும்பாலான சாதாரணக் கார்டுகள் 3.5 சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும், ஆக 4.13 சதவீதம் பிடிக்கின்றன. இதைப் பற்றித் தொலைபேசியில் யாரும் பேசுவதில்லை. உங்கள் குடும்பம் அங்கே 1,50,000 ரூபாய் செலவு செய்தால் இந்தக் கட்டணம் மட்டும் 6,195 ரூபாய். 2 சதவீதம் பிடிக்கும் கார்டானால் ஜி.எஸ்.டி. உட்பட 3,540. இந்தக் கட்டணமே இல்லாத கார்டுகளும் இந்தியாவில் கிடைக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை. அப்படி ஒன்றை எடுத்தால், இந்த ஒரு பயணத்திலேயே நீங்கள் சேமிப்பது, லவுஞ்ச் கார்டு ஓர் ஆண்டு முழுவதும் உங்களுக்குத் தரக்கூடியதை விட அதிகம். அதில் எளிய நிபந்தனையுடன் லவுஞ்சும் சேர்ந்து வந்தால் மகிழ்ச்சியுடன் பயன்படுத்துங்கள். அங்கே கடையில் கார்டைக் கொடுக்கும்போது, இயந்திரம் சிங்கப்பூர் டாலரா, ரூபாயா என்று கேட்டால், தயங்காமல் சிங்கப்பூர் டாலர் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் கடைக்காரரின் வங்கி தன் விருப்பப்படி ஒரு மாற்று விகிதத்தைப் போட்டுவிடும், அது உங்களுக்கு நட்டம். கார்டில் பன்னாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் இயக்கி வைத்த பிறகே விமானம் ஏறுங்கள்.

உங்கள் அலுவலகப் பயணங்களுக்கு மட்டும் லவுஞ்ச் வேண்டும் என்றால் கணக்கு வேறு. ஆண்டுக்கு மூன்று பயணம், சென்னையில் மாறுவதைச் சேர்க்காமல் போக வர ஆறு புறப்பாடுகள். அதில் நீங்கள் உண்மையிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் புறப்பாடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் லவுஞ்ச் இல்லாவிட்டால் எவ்வளவு செலவழித்துச் சாப்பிட்டிருப்பீர்களோ அந்தத் தொகையைப் போடுங்கள். லவுஞ்ச் வாசலில் எழுதியிருக்கும் விலையைப் போட வேண்டாம். பலருக்கு இது ஒரு முறைக்கு 400, 500 ரூபாய்க்கு மேல் போகாது. ஆறுமே பயன்பட்டாலும் 3,000 ரூபாய், கட்டணமோ 5,900. மாதத்துக்கு நான்கு முறை பறப்பவருக்கு, இலவச முறைகளுக்கு இவ்வளவு வரம்பில்லாத ஒரு கார்டு லாபகரமாக இருக்கலாம். அவரை அதை வாங்கச் சொல்லித்தான் நானே எழுதுவேன். உங்கள் வங்கி டெபிட் கார்டிலும் ஒரு லவுஞ்ச் சலுகை ஒளிந்திருக்கலாம், அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, முறையீடு. உங்கள் பழைய கார்டின் லவுஞ்ச் நிபந்தனை மாறியதை வங்கி மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ இணையதளத்திலோ முன்னதாக அறிவித்திருந்தால், மறுத்தது தவறு என்று வாதிட இடமில்லை. முதலில் பழைய மின்னஞ்சல்களில் தேடுங்கள். இத்தகைய அறிவிப்புகள் விளம்பரம் போன்ற தலைப்பில் வந்து படிக்கப்படாமலே கிடக்கும். தகுதிச் செலவை நீங்கள் எட்டியிருந்தும் மறுத்திருந்தாலோ, மறுத்த பிறகும் கட்டணம் பிடித்திருந்தாலோ, அறிக்கையின் நகலுடன் வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அதன் இணையதளம் வழியாகக் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

புதிய கார்டை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்றாலும் வழி இருக்கிறது. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கார்டு தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வந்த கார்டை வேண்டாம் என்று முடிவு செய்து, நிலுவை எதுவும் இல்லாமல் மூடக் கோரினால், 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூடித்தர வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மூடச் சொல்லும் கோரிக்கையைத் தொலைபேசியில் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள்.